சீல் பிரிக்காத பெட்டி

“இந்தக் கேமராவை எனக்கு வித்துடு. பெட்டியில என்ன விலை போட்டிருக்கோ, அதே விலைக்கு.”

கேட்டே விட்டேன். அந்த வீட்டில் எதையும் கேட்கக் கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்தது நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குவதற்கும் முன்னால். கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கேட்கக் கூடாது. அம்மா கீழ்த்தளத்துக் கண் ஆஸ்பத்திரியில் உதவியாளர். மாடியில் டாக்டர் வீடு. டாக்டரின் மகளுக்கும் எனக்கும் நாலு மாதம்தான் வித்தியாசம், பள்ளியில் அவள் ஒரு வகுப்பு மேலே. அம்மாவுக்கு அவள் பாப்பா. எனக்கு, மனதுக்குள், மாடிக்காரி. ‘நீ’யும் இல்லாமல் ‘நீங்க’வும் இல்லாமல் அவளிடம் பேச்சை ஓட்டுகிற வித்தை எனக்கு ரொம்ப நாளாகக் கைவந்திருந்தது. அன்றைக்கு மட்டும் ‘வித்துடு’ என்று வாயில் வந்துவிட்டது.

அவள் சாய்வு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து பூனைக்குச் சீவிவிட்டுக்கொண்டிருந்தாள். கேமரா மேசைமேல், பாதி தின்ற ஆப்பிளுக்குப் பக்கத்தில் கிடந்தது. நாலு மாதமாக நான் கனவில்கூடத் துணியில் சுற்றி வைத்த பொருள்.

“இதையா?” என்றாள். சிரித்துவிட்டு, நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

நான் ஒரு ஸ்டுடியோவில் படம் திருத்துகிற வேலை பார்க்கிறேன். படித்த படிப்பு புகைப்படம் எடுக்கச் சொல்லித்தந்தது. கிடைத்த வேலை அடுத்தவன் எடுத்ததைத் துடைப்பது. மணப்பெண்ணின் நெற்றிப் பருவை எடுப்பேன். மாமனாரின் வழுக்கையில் மின்னும் வெளிச்சத்தைத் தணிப்பேன். சண்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கே வராத சித்தப்பாவைக் குடும்பப் படத்தில் மூன்றாவது வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்று அம்மா சொல்லாத இடமில்லை. பட்டம் வாங்கியவள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் “கம்ப்யூட்டர்ல” என்று முடித்துவிடுவாள்.

அதிலிருந்து வெளியே வர எனக்கு ஒரு கதவு திறந்தது. இருட்டில் நாடகம் போடுகிற ஒரு சின்னக் குழு. ஐம்பது பேர்தான் உட்கார முடியும், நடிகர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். முந்தைய போட்டோக்காரரை அனுப்பிவிட்டார்கள். மேடையில் ஒருத்தி சத்தமில்லாமல் அழும்போது அவர் கேமரா டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருந்ததாம். இயக்குநர் அம்மாள் தன் போனில் ஒரு கேமராவைக் காட்டினார். புதுசாக வரப்போகிறது, சத்தமே போடாது, ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம் போதும். “இதோட வாங்க. ஒரு வருஷத்துக்கு வேலை உங்களோடது.” ஒத்திகையை ஒருநாள் எடுத்துக் காட்ட வேண்டும். அந்த நாள் மூன்று தடவை தள்ளிப்போனது, எனக்காகத்தான். நான்காவது தடவை தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். அது அந்த வெள்ளிக்கிழமை. நான் மாடி ஏறியது புதன்கிழமை.

அந்தக் கேமராவைத் தேடிய கதையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். விற்பனை தொடங்கிய காலை பத்து மணிக்கு ஸ்டுடியோ கம்ப்யூட்டரிலும் போனிலும் தயாராக இருந்தேன். பத்து மணி நாலு நிமிஷத்துக்கு எல்லாம் தீர்ந்தது. என் கூடைக்குள் வந்த ஒன்று, நான் அட்டை எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. அன்று மதியமே “சீல் பிரிக்காதது” என்று விளம்பரங்கள் வந்தன, ஒன்றரை மடங்கு விலைக்கு. ஒரு கடையில் கேமரா இருந்தது. ஆனால் கூடவே ஒரு பை, ஒரு முக்காலி, எனக்கு வேண்டாத இரண்டு ஃபில்டர் எல்லாம் சேர்த்து வாங்கினால்தான் தருவார்களாம். “தனியா குடுக்கறதில்ல மேடம்” என்றான், ஏதோ சட்டம் மாதிரி. இன்னொருவர் பாதிப் பணம் முன்னால் அனுப்பச் சொல்லிப் பெட்டியின் படத்தை அனுப்பினார். அந்தப் படத்தில் இருந்த மேசையை, அதே கீறலோடு, வேறு மூன்று ஊர் விளம்பரங்களில் நான் பார்த்திருந்தேன். நாள் முழுக்கக் கீறல் துடைப்பவளிடமா?

கொஞ்சம் கூடப் போட்டு வாங்கித் தொலையேன் என்றார் ஸ்டுடியோ முதலாளி. நியாய விலை, நியாய விலை என்று ஏன் சாகிறாய் என்றார். அவருக்குப் புரியாது. என் சைக்கிள் மாடியிலிருந்து இறங்கி வந்தது. பள்ளிக்கூடப் பை, கால்குலேட்டர், மழைக்கோட்டு எல்லாம் மாடியில் ஒரு வருஷம் இருந்துவிட்டுத்தான் என்னிடம் வந்தன. பள்ளிக்கூடம் முடிக்கும்வரை நான் படித்த பாடப்புத்தகங்களில் அவள் கோடு போட்ட இடங்களைத்தான் முக்கியம் என்று நினைத்துப் படித்தேன். ஒரே ஒரு பொருள், எனக்கு முன்னால் எந்தக் கையும் படாதது, நானே நகத்தால் ஒட்டுக் காகிதத்தைக் கிழித்துத் திறப்பது, அதற்கு எல்லாரும் கொடுக்கிற விலையைத்தான் நானும் கொடுப்பேன், ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வளவுதான் என் பிடிவாதம்.

கடைசியில் ஒரு சந்துக்கடைக்காரர் போட்ட விலைக்கே தருவதாகச் சொன்னார். அவர் ஷட்டரைத் தூக்கும் முன்பே போய் நின்று நோட்டில் முதல் பெயராக எழுத வைத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பெட்டியின் படம் ஒன்றை போனுக்கு அனுப்பினார். உன் பெட்டி வந்துவிட்டது, காலையில் வா என்று. அந்தப் படத்தைத்தான் போன் முகப்பில் வைத்தேன். மறுநாள் போனால், அதில் ஏதோ கோளாறு, கம்பெனிக்கே திருப்பிவிட்டேன், அடுத்த தடவை நீதான் முதல் என்றார். பரவாயில்லை என்று நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மாடிக்காரி ஸ்டுடியோவுக்கு ஒரு படம் அனுப்பினாள், பெரிதாக அச்சுப்போட்டுத் தரச் சொல்லி. இருட்டு மாடிப்படியில் அவள் பூனை. ஒரு காது மட்டும் வெளிச்சத்தில். கோப்பின் விவரத்தைத் திறந்தால் எந்தக் கேமரா, என்ன லென்ஸ், கேமராவின் வரிசை எண் எல்லாம் தெரியும். நான் தேடிய அதே கேமரா. என் போனில் இருந்த பெட்டிப் படத்தை, அதில் ஒட்டியிருந்த வரிசை எண் தெரியும்வரை பெரிதாக்கினேன். எட்டு இலக்கம். எட்டும் ஒன்றுதான். மூன்று தடவை விரல் வைத்து ஒப்பிட்டேன். அப்புறம் பூனையைப் பார்த்தேன். படம் நன்றாக இருந்தது. குப்பையாக இருந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

கடைக்காரரிடம் போய்க் கத்தினேன். அவர் மறுக்கவில்லை. வலது கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார். “இந்தக் கண்ணுல பார்வை குடுத்ததே அந்த டாக்டர்தாம்மா. மக பொறந்தநாளுன்னு அவரே போன் பண்றாரு. நான் என்ன சொல்லட்டும்?” என்றார். போட்ட விலைக்குத்தான் கொடுத்தாராம். அதைச் சமாதானம் மாதிரிச் சொன்னார்.

இதையெல்லாம் மாடிக்காரியிடம் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, கீழே அம்மா இருக்கிறாள். அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. தெரிந்தே செய்திருந்தால் எவ்வளவு வசதி.

“அப்பா இதைச் சொல்லவே இல்ல. எடுத்துக்கோ. பணமெல்லாம் எதுக்கு?”

“பணம் கொண்டாந்திருக்கேன்.” உறையை மேசைமேல் வைத்தேன். “சும்மா வாங்கிட்டுப் போறதுக்கு வரல.”

அவள் உறையையும் என்னையும் பார்த்தாள். சரி என்றாள், வைத்தியம் வேண்டாம் என்று அடம் பிடிக்கிறவரிடம் அவள் அப்பா சொல்கிற அதே தொனியில். பெட்டியும் உள்ளேதான் இருக்கிறது, தேடி எடுத்து வருகிறேன், கார்டில் இருக்கிற படங்களை மட்டும் இறக்கிக்கொள்கிறேன் என்று உள்ளே போனாள். பூனை அவள் பின்னாலேயே போனது.

மேசையிலிருந்து கேமராவை எடுத்தேன். பிடியில் ஆப்பிள் பிசுபிசுப்பு. துடைத்தேன். எடை நான் நினைத்ததைவிடக் குறைவு. என்ன எடுத்திருக்கிறாள் என்று பின்னால் தள்ளிப் பார்த்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, மோசமான படங்கள். பூனை. ஜன்னல். பூனை. காலி நாற்காலி. அப்புறம் அம்மா.

அம்மா பரிசோதனை அறையில் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பார்வை சோதிக்க மூக்கில் மாட்டுகிற அந்த வட்ட உலோகச் சட்டத்தைத் தானே மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டு, வாய் முழுக்கத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். விழுந்துபோன கடைவாய்ப் பல்லின் இடைவெளி தெரிந்தது. அடுத்ததில் சிரிப்பு அடங்கிக் கண்ணீரைத் துடைக்கிறாள். அடுத்ததில் கன்னத்தில் கை வைத்து, சினிமாக்காரி மாதிரி ஓரமாகப் பார்க்கிறாள். எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு படம். நான் அம்மாவை அப்படிப் பார்த்ததே இல்லை.

கல்லூரியில் கடைசி வருஷம் அம்மாவின் பாதங்களை எடுத்தேன். கறுப்பு வெள்ளையில், வெடிப்பு வெடிப்பாக. பரிசு கிடைத்தது. கூடத்தில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். அம்மா இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு வந்தாள். தன் காலுக்கு முன்னால் நின்றாள். சுற்றிலும் படித்தவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் கேமராவைத் தூக்கினாலே ‘அந்தப் பக்கம் திருப்பு’ என்பாள். வயசாகிவிட்டது, வெட்கம் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

மாடிக்காரி பெட்டியோடு வந்தாள். நான் எந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“நல்லா வந்திருக்காங்கல்ல? அவங்களேதான் கேட்டாங்க. பாப்பா, என்னை நல்லா ஒண்ணு எடேன்னு.”

“அவங்களே கேட்டாங்களா?”

இந்த வீட்டில் எதையும் கேட்கக் கூடாது என்று சொன்னவள்.

“ஆமா. உங்க பொண்ணு இதையேதான் படிச்சிருக்கா, அவகிட்ட கேக்கலாமேன்னு நான்கூடச் சொன்னேன்.”

“அதுக்கு?”

அவள் பெட்டியின் மூடியை மூடித் திறந்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். நான்தான் விடவில்லை, மறுபடியும் கேட்டேன்.

“அவ எடுத்தா நான் பாவமா இருப்பேன், நீ எடு பாப்பான்னாங்க.”

எரிச்சல் வயிற்றில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்குக் காதில் வந்தது, இரண்டு காதும் சூடாகி அவள் அதற்குமேல் பேசியது எதுவும் விழவில்லை. அந்த வீட்டில் எனக்கு முன்னால் அவள் எதையெல்லாம் தொட்டிருக்கிறாள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேனே, சைக்கிளிலிருந்து தொடங்கி. அதில் அம்மாவின் சிரிப்பு இல்லை. அந்தக் கேமராவை வெள்ளிக்கிழமை கண்ணில் வைத்தால், எவ்வளவு இருட்டு மேடையானாலும், எனக்கு முன்னால் அதில் சிரித்துவிட்டுப் போனவள்தான் தெரிவாள்.

அடிப்பக்க மூடியைத் தள்ளிக் கார்டை அழுத்தினேன். எகிறி உள்ளங்கையில் விழுந்தது. கேமராவை ஆப்பிளுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். உறையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

“இது போதும்.”

“ஏய், அதுல என் பூனை இருக்கு.”

“பூனையை அனுப்பி வைக்கிறேன்.”

அவள் தடுக்கவில்லை. பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். மாடிப்படியின் முதல் திருப்பத்திலேயே போனை எடுத்து இயக்குநர் அம்மாளுக்கு எழுதினேன். கேமரா கிடைக்கவில்லை, வெள்ளிக்கிழமை வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைத்தேன்.

கீழே கூடத்தில், கண்மணியை விரித்து வெளிச்சத்தைக் கூசவைக்கிற அந்தச் சொட்டு மருந்து விடுகிற நேரம். பதினைந்து பேர் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்கள். சிலர் கன்னத்தில் சொட்டு வழிந்துகொண்டிருந்தது. அம்மா சொட்டு மருந்துச் சீசாவும் பஞ்சுமாக நடுவில் குனிந்திருந்தாள். யாரையோ கண்ணைத் திறக்கக் கூடாது என்று செல்லமாக அதட்டினாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்பாமலே, “என்ன பாப்பா, சாப்பிட்டாச்சா?” என்றாள்.

திரும்பினாள். முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

“நீயா? வேலைக்குப் போகலையா?”

“போறேன்மா.”

நிற்காமல் நடந்தேன். மூடிய கண்களுக்கு நடுவே வழி அகலமாகத்தான் இருந்தது. வாசல் கதவை முழுசாகத் தள்ளித் திறந்தேன். மதிய வெயில் என் தோளைத் தாண்டி உள்ளே விழுந்ததும், வரிசையாக அத்தனை முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின.