சாலை எல்லை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் வழியில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதிக்கு நடுவே ரெங்கம்மாள் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் உள்ள 'ரெங்கம்மாள்' பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். 'பல்கலைக்கழகம்' விமானத்தில் போகிறவர்களுக்கும் தெரியும். 'நிகர்நிலை' மட்டும் ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

ரெங்கம்மாள், நிறுவனரின் தாயார். நிறுவனர் பெயர் ராஜராஜன். லாரி ஓட்டிச் சம்பாதித்த காலத்தில் அவர் வெறும் லாரி ராஜராஜன். பல்கலைக்கழகம் வந்ததும் முறைப்படி வேந்தர் ஆகிவிட்டார். 'வேந்தர் ராஜராஜன் வருகிறார்' என்று ஒலிபெருக்கியில் சொன்னால், சுற்றுப்பட்டு ஊர் ஜனங்கள் கோயிலில் ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவரும் மறுப்பதில்லை.

போன வருஷம் இங்கிலாந்துக்குச் சுற்றுலா போய்வந்ததிலிருந்து வேந்தருக்கு ஒரே கவலை. அங்கே எண்ணூறு வருஷத்துப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பார்த்துவிட்டார். ரெங்கம்மாளுக்கு வயது பதினொன்று.

"கட்டடம் நம்மளதுதான் பெருசு. லிஃப்டு நம்மகிட்ட ஏழு, அவன்கிட்ட ஒண்ணுகூடக் கண்ணுல படல. ஆனா உலகமே அவன் வாசல்ல போயி நிக்குது. ஏன்? செவுத்துல பாசி புடிச்சிருக்கு!" என்றார் பேராசிரியர்கள் கூட்டத்தில்.

அன்றிலிருந்து நிர்வாகக் கட்டடத்துச் சுவரில் தினமும் இரண்டு குடம் மோர் ஊற்றினார்கள். பெரம்பலூர் வெயிலுக்குப் பாசி வரவில்லை, எறும்பு வந்தது. கடைசியில் பெயின்டரை வைத்துப் பாசி வரைந்தார்கள். காவலாளிகளுக்கு வெல்வெட் அங்கி தைத்துப் போட்டார்கள். மே மாதம் இரண்டு பேர் மயங்கி விழுந்தபோது, "பாரம்பரியம்னா கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்" என்றார் வேந்தர்.

அடுத்து தமிழ்த்துறையின் முறை. துறைத்தலைவர் பரிமளாவைக் கூப்பிட்டு அனுப்பினார். துறை என்பது பரிமளா, ஆறு மாணவர்கள், ஒரு மின்விசிறி.

"தப்பா எடுத்துக்காதீங்க பரிமளாம்மா. உங்க ரூமுல பட்டமளிப்பு அங்கி வாடகைக்கு வுடுற கடை வைக்கலாம்னு இருக்கேன். தமிழால நமக்கு என்ன மதிப்பு வருது, சொல்லுங்க?"

"ஆறு பிள்ளைங்க படிக்குதுங்க ஐயா."

"நம்ம லிஃப்டுல ஒரு தடவைக்கு எட்டுப் பேரு போறான். திங்கக்கெழம காலி பண்ணிடுங்க."

அந்தச் சனிக்கிழமை, சாலையோரம் புதிதாக எழுப்பியிருந்த அறுபது அடி அலங்கார வளைவுக்கு உட்புறம், பூச்செடி வைக்கப் பள்ளம் தோண்டிய ஜேசிபி ஒரு கல்லில் இடித்தது. மக்கள் தொடர்பு அலுவலர் ரஞ்சித்குமார் பரிமளாவுக்குப் போன் செய்தார்.

"மேடம், சீக்கிரம் வாங்க. கல்வெட்டு கெடைச்சிருக்கு. ஒரு எழுத்து யானை மாதிரி தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு நிக்குது. பிராமியா மேடம்?"

பரிமளா போய்ப் பார்த்தார். பிராமி இல்லை. சாதாரண 'லை'. எழுபத்தெட்டாம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு 'லை'க்குத் தும்பிக்கை உண்டு. இருபத்தைந்து வயது ரஞ்சித்குமார் அதைப் பார்த்ததே இல்லை. மேல் வரியின் முன்பாதி உடைந்துபோய் 'சாலை' என்று மட்டும் நின்றது. கீழ் வரியில் 'எல்லை'. உடைந்துபோனது 'நெடுஞ்' என்பது பரிமளாவுக்குப் பார்த்த நிமிஷமே புரிந்துவிட்டது. நெடுஞ்சாலைத் துறையின் எல்லைக்கல். மிஞ்சினால் அறுபது வயது இருக்கும்.

அதற்குள் வேந்தரின் கார் வந்து நின்றது.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"சாலை எல்லைன்னு இருக்குங்க ஐயா."

"சாலைன்னா ரோடுதானே?" வேந்தரின் முகம் தொங்கிவிட்டது.

பரிமளாவுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. அங்கிக் கடையும் ஆறு பிள்ளைகளின் முகமும் கூடவே வந்தன.

"இப்ப ரோடுங்க. சோழர் காலத்துக் கல்வெட்டுல சாலைன்னா படிக்கிற எடம்னும் ஒரு அர்த்தம் உண்டுங்க."

சொன்ன இரண்டு வாக்கியமும் உண்மை. மூன்றாவதாக ஒரு வாக்கியம் இருந்தது. அது தொண்டையிலேயே நின்றுகொண்டது.

"படிக்கிற எடம்னா... யுனிவர்சிட்டி?"

"அப்படியும் வச்சுக்கலாமுங்க."

"யுனிவர்சிட்டி எல்லை! டேய் ரஞ்சித்து, இது ராஜராஜன் காம்பவுண்டுடா!"

எந்த ராஜராஜன் என்று யாரும் கேட்கவில்லை.

"அப்ப நமக்கு ஆயிரம் வயசுங்களா ஐயா?" என்றார் ரஞ்சித்குமார்.

"அவனவிட எரநூறு ஜாஸ்திடா!"

திங்கட்கிழமை தமிழ்த்துறையைக் காலி செய்ய யாரும் வரவில்லை. இரண்டாவது மின்விசிறி மாட்டத்தான் ஆள் வந்தது. கல்லை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது என்று வேந்தர் உத்தரவு போட்டார். சுற்றிக் கண்ணாடிக் கூண்டு எழுந்தது. சர்வேயரை வைத்து அளந்து, கல் ஆதியிலிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறது என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதினார். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. பரிமளா இரண்டு தடவை உண்மையைச் சொல்லப் போனார். முதல் தடவை கையில் லட்டு கொடுத்தார்கள். இரண்டாம் தடவை மாலை போட்டார்கள்.

கூண்டுத் திறப்பு விழாவன்று, அழைப்பில்லாத ஒரு பெண் அளவு டேப்போடு ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"ஃபஹ்மிதா. நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர். விளம்பரம் பாத்தேன் சார். கல்லைப் பாக்கலாமா?"

"தாராளமா பாருங்கம்மா. ஆயிரம் வருஷமா அசையாம நிக்குது."

"அசையலன்னு உறுதியாத் தெரியுங்களா?"

"நோட்டரி கையெழுத்தே இருக்கே!" வேந்தர் பெருமையோடு நகல் ஒன்றை நீட்டினார்.

ஃபஹ்மிதா அதைப் படித்து, மடிப்புக் கலையாமல் ஃபைலில் வைத்தார். "மாஷா அல்லாஹ்! நாங்க எழுதி வாங்கியிருந்தாக்கூட இவ்வளவு தெளிவா வந்திருக்காது. இந்த ரோட்டுல எங்களுக்கு நாப்பத்திரண்டாம் நம்பர் எல்லைக்கல் மட்டும் ரொம்ப வருஷமா கெடைக்கவேயில்ல சார்." டேப்பை இழுத்தபடி வளைவை அண்ணாந்து பார்த்தார். "கல்லுலேர்ந்து ரோட்டுப் பக்கம் இருக்கறது பூரா எங்க எடம். வளைவோட ரெண்டு காலும் ரோட்டுலதான் நிக்குது."

நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார்.

"பரிமளாம்மா!"

"முன்னாடி எழுத்து ஒடஞ்சிருக்குங்க ஐயா. நெடுஞ்சாலைன்னு இருந்திருக்கும்."

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா துறைய மூடிடுவீங்களேன்னு பயமா இருந்துச்சுங்க."

"இப்ப மட்டும் மூட மாட்டனா? இன்னைக்கே காலி பண்ணுங்க!"

மாணவர்கள் ஆறு பேரும் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, வராந்தாவில் கொண்டுவந்து வைத்தார்கள். மின்விசிறிகளைக் கழற்ற ஏணி வந்தது. அந்த நேரத்தில்தான் நோட்டீஸும் வந்தது. நாலு பக்கம், சுத்தமான அரசாங்கத் தமிழ். சட்டத்துறைப் பேராசிரியர்கள் மூன்று பேர் ஆளுக்கொரு முறை படித்துவிட்டு, தாங்கள் படித்ததெல்லாம் இங்கிலீஷ் சட்டம் என்று சொல்லிவிட்டார்கள். ரஞ்சித்குமார் செல்போனில் மொழிபெயர்த்துப் பார்த்தார். வேந்தர் தன்னைத்தானே இடித்து அகற்றிக்கொள்ள வேண்டும் என்று வந்தது.

வேந்தர் நோட்டீஸோடு வராந்தாவுக்கு வந்து, பெட்டிகளைத் தாண்டி நின்றார்.

"என்னதான் சொல்லுது இது?"

பரிமளா படித்தார். "வளைவ நீங்களே இடிச்சு எடுக்கணுமாமுங்க. பதினஞ்சு நாளைக்குள்ள ஆட்சேபணை தெரிவிக்கலாம்னும் போட்டிருக்குங்க. தமிழ்ல எழுதித் தரணுமாம்."

"எழுதுனா வளைவு நிக்குமா?"

"அவங்க பதில் போடுற வரைக்கும் நிக்குமுங்க."

"பதில் போட்டுட்டா?"

"அதுக்கு நாம ஒரு பதில் போடலாமுங்க."

வேந்தர் வளைவைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார்.

"டேய், ஃபேனக் கழட்டாத. பெட்டியெல்லாம் உள்ள வைங்கடா."

முதல் பதில் பதினாறு பக்கம் போனது. சாலை என்ற ஒரு சொல்லுக்கே ஒன்பது பக்கம். படித்துமுடிக்க ஃபஹ்மிதாவின் அலுவலகத்துக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பிறகு எட்டு விளக்கங்கள் கேட்டு எழுதினார்கள். புதிய விளம்பரக் கையேட்டில் தமிழ்த்துறைக்கு 'அரசுடன் நேரடித் தொடர்புள்ள ஒரே துறை' என்று தனிப்பக்கம் ஒதுக்கினார் வேந்தர். மாணவர்கள் பத்தொன்பது பேர் ஆகிவிட்டார்கள்.

நாலாவது பதிலைத் தபாலில் சேர்க்க வந்த ரஞ்சித்குமார், கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"மேடம், தேதி போட மறந்துட்டீங்களே. திருப்பி அனுப்பிடுவாங்க."

"மறக்கல" என்றார் பரிமளா, உறையை ஒட்டியபடி.