சுண்ணாம்புச் சத்து

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்த இராக்கம்மா, தம்பியைப் பார்த்ததும் கொழுந்துக் கூடையை அப்படியே கீழே போட்டாள். ஜெயரூபனின் உதடு வெந்து, தோல் வெள்ளையாக உரிந்து தொங்கியது. எச்சிலும் இரத்தமுமாக வாயைத் திறந்தே வைத்திருந்தான். அடுத்த கரண்டிக்குக் காத்திருந்தானோ என்னவோ. கரண்டியோடு எதிரே குந்தியிருந்தவன் அவள் புருஷன் இராமையா.

"என்னாங்க குடுத்தீங்க?"

"சுண்ணாம்புதான். அந்த டாக்டரு ஐயாவே சொன்னாருல்ல. ஞாயித்துக்கெழம நம்ம மகள பொண்ணு பாக்க வர்றாங்க, அதுக்குள்ள இவனுக்குப் புத்தி தெளியணும்."

ஜெயரூபனுக்கு ஐந்து வருஷமாகக் காதில் குரல்கள் கேட்கின்றன. அதற்காகத்தான் போன வாரம் டாக்டர் சிவராசா பசறை ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்துக்கு வந்து, அக்கா தம்பி இருவரிடமும் இரத்தம் எடுத்தார். யாழ்ப்பாணத்து மனிதர், பொறுமையாகவே சொன்னார்: "மூளையிலை கால்சினியூரின் எண்டு ஒரு நொதியம் இருக்கு. சுண்ணாம்புச் சத்து சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். அதின்ரை ஒரு பகுதியை உண்டாக்கிற பரம்பரை அலகிலை பிழை இருக்கோ எண்டு பாக்கத்தான் இரத்தம் எடுக்கிறன். இது ஆராய்ச்சி, மருந்தில்லை."

இவ்வளவு பேச்சில் இராமையா காதில் விழுந்தது சுண்ணாம்பு மட்டும்தான். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவன் மச்சானில் தொடங்கியிருந்தான். அதுவும் இராமையா எப்பேர்ப்பட்டவன்! வெற்றிலையில் சுண்ணாம்பு ஒரு பொட்டுக் கூடினாலே நாக்கு வெந்துபோச்சு என்று லயத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூட்டுகிறவன். வேகும் என்று தெரியாமல் செய்த காரியமில்லை. அடுத்தவன் நாக்குத்தானே, வெந்தால் என்ன?

இராக்கம்மா தம்பியின் தலையைச் சாய்த்து, தண்ணீர் ஊற்றி ஊற்றி வாயைக் கழுவினாள். வெள்ளைக் கூழோடு சதைத் துணுக்கும் அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. இந்த மனுஷனோடா இருபது வருஷம் ஒரே தட்டில் சோறு தின்றோம் என்று அருவருப்பாக இருந்தது.

"ஏன்டி மொறைக்கிற? கலியாணம் நின்னு போனா பரவாயில்லையா?"

"சீ! நீயெல்லாம் மனுசனா?" அவனை அவள் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. "ஏங்கிட்டயுந்தான் ரத்தம் எடுத்தாரு. எனக்கும் தம்பிக்கும் ஒரே ரத்தம். ஓம் மக துஷாந்தினிக்கும் அதே ரத்தந்தான். அவ வாயில எப்ப ஊத்தப் போற?"

இராமையா வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தான், யோசனையோடு.

இராக்கம்மா ஒரு கையில் தம்பியையும் மறு கையில் மகளையும் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ரோட்டுக்கு இறங்கினாள்.