மூன்றாவது முறை கேட்கும்போது

மாலை ஆறரை மணிக்குக் கல்லூரியின் பகல் மாணவர்கள் போய்விட்டிருப்பார்கள். துப்புரவுப் பெண் தாழ்வாரத்தின் ஒரு பாதியைத் துடைத்து முடித்து மறுபாதிக்கு வாளியை இழுத்துக்கொண்டிருப்பாள். அவர் ஈரமில்லாத ஓரமாக நடந்து மாடியேறிக் கடைசி அறைக்கு முதல் ஆளாக வந்துவிடுவார். எழுதுவதற்கு வலப்பக்கம் பலகை வைத்த நாற்காலிகள். இருபது வயது இடுப்புகளுக்காகச் செய்தவை. மூச்சை உள்ளிழுத்துக்கொண்டுதான் அவர் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு எழுந்திருப்பதில்லை.

ஸ்பானிஷ், இரண்டாம் நிலை. முதல் நிலையில் நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து தூக்கி வந்தார்கள். இப்போது பாதிக்கு மேல் காலி. காரணம் உள்ளவர்கள் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலைக்கு மனுப் போட்டிருந்த நர்ஸ். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் கேட்கும் சரக்குக் கப்பல் அலுவலகத்துக் குமாஸ்தா. இன்னும் சிலர். அவர்தான் வயதில் மூத்தவர். முதல் நாள் எல்லோரும் தங்கள் தொழிலைச் சொல்ல வேண்டியிருந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பவன், இப்போது ஓய்வு என்று திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். அன்றிலிருந்து குமாஸ்தா அறைக்குள் நுழைந்ததும் கேட்பான்.

"என்ன லிஃப்ட்கார், இன்னைக்கு மேலயா கீழயா?"

"கரன்ட் இல்லப்பா. நடுவுல நிக்குது."

தினமும் இதே கேள்வி, இதே பதில். ஆனாலும் நர்ஸ் ஒவ்வொரு தடவையும் சிரித்துவிடுவாள்.

அவருடைய காரணத்தை யாரும் கேட்கவில்லை. அவரே ஒருநாள் சொன்னார். மகன் தூர தேசத்தில் கப்பல் கட்டும் பட்டறைக்கு வெல்டராகப் போனான். அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். பெண் குழந்தை பிறந்தது. அது தவழ்வதற்கு முன்னால் சாரம் சரிந்து அவன் செத்துப்போனான். உயிரோடு இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் நடுவில் அவன் இருந்தான். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஸ்பானிஷ். பாதியை இவனே முழுங்கிடறான் என்று அவர் மனைவி குறைபட்டுக்கொள்வாள். அவன் போன பிறகும் மருமகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டாள். திரையில் அவளும் குழந்தையும், இங்கே இவர்கள் இருவரும். நடுவில் யாரும் இல்லை. பார்த்துக்கொண்டார்கள், சிரித்தார்கள், அழுதார்கள், வைத்தார்கள். சில மாதங்கள் அப்படிப் போயின. பிறகு அவர் கல்லூரியில் பெயர் கொடுத்தார்.

முதல் நிலை முடிவதற்குள் வீட்டில் அவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார். குழந்தைக்குச் சளி, இப்போது தேவலாம். அங்கே மழை. புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார்கள். கேட்டதில் பாதி, முகத்தைப் பார்த்து ஊகித்ததில் பாதி. எதுவும் பிடிபடாதபோது "ஸீ, ஸீ" என்று தலையாட்டுவார்.

"பேத்தியப் பார்த்து என்னங்க சீ சீங்கிறீங்க?"

"ஆமான்னு அர்த்தம்."

"நல்ல பாஷை போங்க."

இரண்டாம் நிலையில் டீச்சர் ஒரு முறை வைத்திருந்தாள். வாரத்துக்கு ஒருவர் ஸ்பானிஷில் யாராவது பேசியதை ஒலிப்பதிவாகக் கொண்டுவர வேண்டும். அதை வகுப்பு மூன்று முறை கேட்கும். முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு, எதைப் பற்றிய பேச்சு என்று மட்டும். இரண்டாவது முறை பிடிபட்ட சொற்களைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது முறை நிறுத்தி நிறுத்தி, ஒருவர் பலகையில் எழுத மற்றவர்கள் திருத்துவார்கள். குமாஸ்தா கால்பந்து வர்ணனை கொண்டுவந்தான். நர்ஸ் வானிலை அறிக்கை. அவர் முறை வந்தபோது ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டில் திரும்பக் கேட்டுப் பழகுவதற்காகப் பேச்சைப் பதிவு செய்யும் வழியை அவர் போனில் நர்ஸ்தான் வைத்துக் கொடுத்திருந்தாள்.

அந்த மாதத்தின் முதல் ஞாயிறு அது. அன்றைக்கு மருமகள் மிக நிதானமாகப் பேசினாள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்துக் கையில் கொடுப்பதுபோல. கடைசியில் அழுதாள். அவன் நினைப்பு வந்துவிட்டது என்று அவர் மனைவிக்குச் சொன்னார். அவளும் கூட அழுதாள். வீட்டில் அதைச் சில தடவை போட்டுக் கேட்டிருந்தார். அழுத முகத்தை நேரில் பார்த்துவிட்டதால் சொற்களில் தெரிந்துகொள்ள மேற்கொண்டு எதுவும் இல்லை என்று நினைத்தார். அவர் கேட்டது குரலை மட்டும்தான்.

முதல் முறை போட்டார். அறையில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். பாதியில் டீச்சர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"குடும்ப விஷயம்" என்றான் குமாஸ்தா.

"ரொம்ப மரியாதையா பேசுறாங்க. ஏதோ கேக்கறாங்க" என்றாள் நர்ஸ்.

"சார், வேற ஏதாவது இருக்கா உங்ககிட்ட?" என்றாள் டீச்சர்.

"இதுதான் டீச்சர் தெளிவா இருக்கு. எனக்காகவே மெதுவா பேசியிருக்கா."

"இன்னைக்குப் புத்தகத்துல இருக்கறதையே பண்ணிடலாமே."

"விடுங்க டீச்சர்" என்றான் குமாஸ்தா. "மனுஷன் ஒரு வாரமா இதையே சொல்லிட்டு இருக்காரு. போடுங்க லிஃப்ட்கார்."

அவர் போட்டார். டீச்சர் மேஜை மேல் இருந்த சாக்பீஸ் பெட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"கல்யாணம்!" என்றாள் நர்ஸ்.

"பாருங்க, வீட்ல விசேஷம். நம்மகிட்ட மூச்சு விடல" என்றான் குமாஸ்தா. பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

"வேற ஊர்."

"வீடு மாறுறாங்க."

"பேரு. குழந்தையோட பேரு."

அவரும் ஒன்றைப் பிடித்தார். "அப்பா" என்றார். "என் மகனைப் பத்தித்தான் சொல்றா."

யாரும் மறுக்கவில்லை. நர்ஸின் கை பாதி உயர்ந்து, அப்படியே கீழே வந்து நாற்காலிப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. ஒலிப்பதிவு ஓடி முடிந்தது.

"போதும்" என்றாள் டீச்சர். "நேரமாச்சு."

சுவர்க் கடிகாரத்தில் இன்னும் அரை மணிக்கு மேல் மீதி இருந்தது.

"மூணாவது தடவை பாக்கி இருக்கு டீச்சர்."

"வேண்டாம் சார்."

"எல்லாருக்கும் மூணு தடவை போட்டீங்க."

நர்ஸ் எழுந்து பலகைக்குப் போனாள். வேறு யாரும் போக மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் ஒரு வாக்கியம் ஓடவிட்டு நிறுத்தினார். அவள் எழுதினாள். வழக்கமாகப் பலகை முழுக்கப் பெரிதாக எழுதுகிறவள் அன்று ஒரு மூலையில் பொடியாக எழுதினாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இப்போது புரியாத சொல் எதுவும் இல்லை. எல்லாமே நடத்திய பாடங்களில் வந்தவை. ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். நல்லவர். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். வேறு ஊருக்குப் போகிறோம். குழந்தை அவரை அப்பா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். அவர் பெயர்தான் இனி அவளுக்கும். போனில் அழுகிற இவர்கள் யார் என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த மாதம் முழுக்கக் கூப்பிடுகிறேன். அதற்குப் பிறகு வேண்டாம். அவள் பெரியவளானதும் நானே எல்லாம் சொல்வேன். உங்களுக்குச் சம்மதமா?

பிறகு ஒலிப்பதிவில் அவருடைய குரலே கேட்டது. ஆமாம், ஆமாம், மிகவும் நல்லது, நன்றி. உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பின்னால் அழுகை.

நர்ஸ் அதை எழுதவில்லை. குமாஸ்தா தன் பேனாவின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நர்ஸ் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"நான் பேசட்டுமா அங்கிள்? நம்பர் குடுங்க, நான் எடுத்துச் சொல்றேன்."

"வேண்டாம்மா. நான் சொன்ன ஆமாம். நான்தான் இல்லைன்னு சொல்லணும்."

டீச்சரோடு சேர்ந்து மூன்று வாக்கியங்கள் அமைத்தார். அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. எங்களுக்குச் சம்மதமில்லை. அழ மாட்டோம், மாதத்துக்கு ஒரு தடவையாவது குழந்தையைக் காட்டுங்கள். அழ மாட்டோம் என்பதை அவர்தான் சேர்க்கச் சொன்னார். டீச்சர் ஒரு சொல்லை மாற்றி, இது இன்னும் பணிவாக இருக்கும் என்றாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மிச்சம் இருந்தது. அதுவரை அவர் அந்த வாக்கியங்களைக் குளியலறையில் சொன்னார், காய்கறி வாங்கப் போகும் வழியில் சொன்னார், ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் தன் வாயைப் பார்த்துச் சொன்னார். மனைவியிடம் சொல்லப் பலமுறை வாயெடுத்தார். அவள் ஏதாவது ஒரு வேலையில் இருந்தாள். துணி மடித்தாள், பருப்பில் கல் பொறுக்கினாள், தொலைபேசி நிறுவனத்தைத் திட்டினாள்.

"என்ன, முணுமுணுத்துக்கிட்டே இருக்கீங்க? பரீட்சையா?"

"ஆமா."

"அதெல்லாம் பாஸாயிடுவீங்க. இந்த வயசுல உங்களை ஃபெயிலாக்க எவளுக்கு மனசு வரும்?"

ஞாயிற்றுக்கிழமை அவள் தலைவாரி, வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். போனைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்தாள். அது அடித்ததும் அவர் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

திரையில் மருமகள். பின்னால் அட்டைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. சுவரில் படங்கள் இருந்த இடங்கள் வெளுப்பாகத் தெரிந்தன. குழந்தை ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. பெட்டிகளுக்கு அப்பால் ஓர் ஆணின் முழங்கையும் ஒட்டு நாடாவும் மட்டும் தெரிந்தன. பிறகு அந்த முழங்கை, இந்த நேரத்தில் தெரியக் கூடாது என்று நினைத்ததுபோல, விலகிக்கொண்டது.

"எதுக்குங்க இத்தனை பெட்டி?"

"வீட்டை ஒழுங்கு பண்றாங்க."

குழந்தை பெட்டியிலிருந்து எழுந்து இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக் காட்டியது. மொழியே வேண்டாத விளையாட்டு அது. குழந்தையும் அவர் மனைவியுமாகக் கண்டுபிடித்தது. அவர் மனைவி கண்ணைப் பொத்திக்கொண்டு ஸ்பானிஷில் பத்து வரை எண்ணுவாள். குழந்தை திரைக்குள் எங்காவது ஒளியும். இவள் சோபாவைக் காட்டி, மேஜையைக் காட்டி, கதவைக் காட்டித் தேடுவாள். எங்கிருந்தாவது சிரிப்புச் சத்தம் வரும். எண்ணுவதற்கு மட்டும் அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். நடுவில் தடுமாறினால் முதலிலிருந்து தொடங்குவாள். அவசரப்பட மாட்டாள்.

"ஊனோ" என்றாள் அவள் உள்ளங்கைகளுக்குள்.

குழந்தை ஓடியது.

அவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். முதல் வாக்கியத்தைச் சொன்னார். அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மருமகள் போனை முகத்துக்கு இன்னும் அருகில் கொண்டுவந்தாள். பிறகு சொன்னாள். அதே நிதானத்தில், ஒவ்வொரு சொல்லாக. தெரியும். நீங்கள் நன்றி சொன்னபோதே தெரிந்துவிட்டது. திரும்பச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

ஒரு சொல்கூடத் தப்பாமல் அவருக்குப் புரிந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அவள் கன்னத்தில் ஒட்டு நாடாவின் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. மெலிந்திருந்தாள். தன் மகனைவிடவும் வயதில் சின்னவள் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"தோஸ், த்ரேஸ், க்வாத்ரோ" என்று மனைவி நிறுத்தினாள். "அடுத்தது என்னங்க? சொல்லாதீங்க, சொல்லாதீங்க. வந்துடுச்சு. இருங்க, முதல்லேர்ந்து."

குழந்தைக்காக இன்னும் மெதுவாகத் தொடங்கினாள்.

உங்கள் மனைவியிடம் சொன்னால் தாங்க மாட்டார்கள், என்னால் பார்க்க முடியாது, இப்போதே வைத்துவிடுகிறேன் என்றாள் மருமகள். இப்போது புரிகிறதா?

புரியவில்லை என்று ஸ்பானிஷில் சொல்வது முதல் நிலையின் முதல் பாடம். அது வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம்.

"ஸீ" என்றார்.

அவள் தன் விரல்களை உதட்டில் வைத்து எடுத்தாள். திரை கறுத்தது. அதில் ஜன்னலும், அவருடைய முகமும், கண்ணைப் பொத்தியபடி அவர் மனைவியும் தெரிந்தார்கள். அவள் ஏழில் இருந்தாள். எட்டு. ஒன்பதை நீட்டிச் சொன்னாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். பத்தை அவள் பாட்டுபோல இழுத்து முடித்துக் கையை எடுத்தாள். வெளிச்சத்துக்குக் கண் கூசியது. சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். ஒரு விரலால் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள்.

"லைன் போயிடுச்சாங்க? சீக்கிரம் கூப்பிடுங்க. நான் தேடி வருவேன்னு பிள்ளை அங்கயே ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும்."