எமன் பாட்டு

"தகர டப்பாவுக்குள் நாலு பேர் உருண்டு புரளுவதைப் போல இருக்கிறது." முப்பத்துமூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு பத்திரிகைக்காரன் எழுதிய இந்த வரியை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அதை அவன் பாராட்டாக எழுதினான் என்பதுதான் வயிற்றெரிச்சல். அவள் தம்பியின் குழு போட்ட முதல் ஆல்பம் அது. த்ராஷ் மெட்டல் என்கிற அதிவேக ராக் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், என்ன வேகம், என்ன பச்சையான கோபம் என்று தலையில் தூக்கி வைத்து ஆடியவன், கடைசியில் பதிவு செய்தவருக்குக் காது கேட்குமா என்பது சந்தேகம், கேட்காமல் இருந்ததே நல்லது என்று முடித்திருந்தான். பதிவு செய்தவள் அவள்தான். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அதற்குப் பிறகு அவள் எத்தனையோ ஆல்பங்களைப் பதிவு செய்துவிட்டாள். வீணைக்கு எந்த இடத்தில் மைக் வைக்க வேண்டும், மூக்கடைத்த பாடகரை எப்படிக் காப்பாற்ற வேண்டும், எல்லாம் கரைத்துக் குடித்தவள். சொந்தமாக ஸ்டூடியோ இருக்கிறது. ஆனால் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் தாடி வைத்த ஒருவன் ஓடிவந்து, "தகர டப்பா அக்கா நீங்கதானா?" என்று கையைப் பிடித்துக் குலுக்குவான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இப்போது கம்பெனி அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிடப் போகிறது. மூல டேப்பை அனுப்பி, உங்களால் முடிந்த அளவு சுத்தம் செய்து கொடுங்கள் என்று கேட்டார்கள். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அறுபது வயதில் யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு வாய்ப்பு? இருபத்தேழு வயதில் செய்த பிழையைத் தன் கையாலேயே திருத்தி, காது நன்றாகக் கேட்கிற ஒருத்திதான் இதைச் செய்தாள் என்று ஊருக்கு நிரூபிக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

பிழை என்றால் சாதாரணப் பிழை இல்லை. அன்றைக்கு அவள் வேலை பார்த்த இடத்தில் சோப்புத்தூள் விளம்பரமும் பேருந்து நிலைய அறிவிப்பும்தான் பதிவு செய்வார்கள். முதலாளி மூன்று நாள் வெளியூர் போனார். அந்த மூன்று நாளில் தன் தம்பியையும் அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேரையும் உள்ளே விட்டு, ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்தாள். ட்ரம்ஸ் அடிப்பவனுக்கு 'இடி' என்று பெயர். அவன் முழங்கையை வீசினால் கதவில் இடிக்கும், அவ்வளவுதான் அறை. கிட்டார் ஆம்ப்ளிஃபயரைக் கழிப்பறையில் வைத்தார்கள். தம்பிக்குத் 'தொண்டை' என்று பட்டப்பெயர். அவன் எல்லோருக்கும் நடுவில் நின்று கத்தினான். தனித்தனியாகப் பதிவு செய்ய நேரமில்லை, ஒரே மூச்சில் எல்லாம். ஒலி அளவைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் அங்கேயே ஒட்டிக்கொண்டது, மூன்று நாளும் இறங்கவேயில்லை.

அந்தக் களேபரத்தைத்தான் அவள் மூன்று வாரமாக உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரே அறையில் வாசித்ததால் எல்லா மைக்கிலும் எல்லாமே விழுந்திருந்தது. ட்ரம்ஸைத் துடைத்தால் குரல் மேலே வந்தது, கிட்டாரைத் துடைத்தால் இன்னும் மேலே வந்தது. இடி ஒவ்வொரு பாட்டையும் ஒரு வேகத்தில் தொடங்கி, பஸ் கிளம்பிவிடும் என்பதைப் போல வேறு வேகத்தில் முடித்திருந்தான். அவன் இப்போது கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், கணினியில் தன் தாளத்தைக் கொஞ்சம் நேராக்கித் தரும்படி குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டான். அவனாவது பரவாயில்லை.

தம்பிதான் உயிரை வாங்கினான். தினமும் போன். அதைத் தொடாதே, அது அப்படியே இருக்கட்டும், சுத்தம் செய்தால் செத்துவிடும் என்று ஒற்றைக்காலில் நின்றான். லிஃப்ட் ரிப்பேர் செய்பவன், எந்தச் சத்தமும் எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான் அவன் பிழைப்பு, அவனா இப்படிப் பேசுகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சையாக இருப்பதுதான் அதற்கு அழகு என்று நூறாவது தடவை சொன்னபோது, பச்சையாக வேண்டுமென்றால் வெண்டைக்காய் வாங்கித் தின்னு என்று போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மிச்சமிருந்தது நாலாவது பாட்டு. 'எமன்' என்று அட்டையில் போட்டிருக்கும். அந்த ஆல்பத்தில் எதை மறந்தாலும் இதை யாரும் மறக்க மாட்டார்கள். மேடையில் ஆரம்பித்தாலே போதும், ஆயிரம் பேர் கையைத் தூக்கி, "நீ எமன் இல்லை! நீ எமன் இல்லை!" என்று கத்துவார்கள். பனியனில் அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள். மரணத்தின் முகத்துக்கு நேரே ஒரு பத்தொன்பது வயதுப் பையன் விட்ட சவால் என்று ஒருவர் நாலு பக்கம் கட்டுரை எழுதியிருந்தார். மற்ற வரிகள் யாருக்கும் புரிந்ததில்லை. அவளுக்கும்தான். த்ராஷில் வரி புரியாது என்பதை அவள் ஒரு சட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சத்தத்தையும் வழித்தெடுத்துவிட்டு, குரலை மட்டும் தனியாக ஓடவிட்டாள்.

என் தட்டைப் பார்க்காதே என்று பாடினான் பையன். சட்டையை மோந்து பார்க்காதே. ஜன்னலில் நிற்காதே. அப்புறம் அந்த வரி வந்தது.

அவள் நிறுத்தினாள். பின்னால் போய் மறுபடி கேட்டாள். பிறகு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டாள். எத்தனை தடவை கேட்டாலும் எமனைக் காணோம். நீ என் அம்மா இல்லை. நீ என் அம்மா இல்லை. நீ என் அம்மா இல்லை.

அன்றைக்குப் பதிவறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள், அந்தப் பக்கம் அவன் நின்றான். பாடும்போது அவளையே பார்த்தான். அடுத்த வரியை எப்போது தொடங்க வேண்டும் என்று சைகை கேட்கிறான் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நல்லா இருக்குடா, ஆனா கோபம் பத்தலை, இன்னும் கோபமா பாடு என்று சொன்னாள். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை திருப்பிப் பாடவைத்தாள்.

முதலில் வந்தது வெட்கம். அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது, கோபம் அவளுக்குப் பழகியது, அதனால் சௌகரியமாக இருந்தது. அம்மா சாகும்போது அவளுக்குப் பதினெட்டு, அவனுக்குப் பத்து. அப்பா இருந்தார், வீட்டில் ஒரு நாற்காலி இருப்பதைப் போல. அவன் தலையில் பேன் பார்த்தது யார், பள்ளிக்கூடத்தில் போய்க் கைகட்டி நின்றது யார், அம்மை போட்டபோது பதினைந்து நாள் பக்கத்திலேயே கிடந்தது யார்? அந்த நன்றிகெட்ட கழுதை அதையெல்லாம் தாளம் போட்டுப் பாடியிருக்கிறான், ஊரே கூடச் சேர்ந்து பாடியிருக்கிறது. போனை எடுத்து, உடனே வா என்று மட்டும் சொன்னாள்.

சீருடையில் கிரீஸ் கறையோடு வந்தான். வயது ஐம்பத்திரண்டு, முன்வழுக்கை. அவள் பாட்டை ஓடவிட்டாள். முதல் வரியிலேயே அவன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"கேட்டுடுச்சா?" என்றான்.

"இதுக்குத்தான் தொடாதே தொடாதேன்னு அலறினியா?"

அவன் தலையாட்டினான். இடிக்குக்கூடத் தெரியாது, அட்டைக்குத் தலைப்பு கேட்டபோது எமன் என்று நானேதான் எழுதிக்கொடுத்தேன் என்றான்.

"என் வாயாலயே இன்னும் கோபமா பாடுன்னு சொல்ல வெச்சியேடா."

"நீயாத்தான் சொன்னே. முதல் பத்துத் தடவை நான் சும்மா கத்தினேன்கா. உனக்குக் கேட்டுடுமோன்னு பயந்துக்கிட்டே கத்தினேன். நீ கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினே. பதினோராவது தடவை நிஜமாவே வந்துடுச்சு. அதைத்தான் நீ எடுத்து வெச்சே."

அவளுக்கு அது தெரியும். மற்ற பத்தையும் தள்ளிவிட்டு அதை எடுத்தது அவள் காதுதான். முப்பத்துமூன்று வருடமாகப் பச்சை, பச்சை என்று எல்லோரும் மாய்ந்துபோனது தகர டப்பாவுக்காக இல்லை, சிவப்பில் ஒட்டிய முள்ளுக்காகவும் இல்லை. அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு பையன் யாரையோ பார்த்து நிஜமாகக் கத்திக்கொண்டிருந்தான், வார்த்தை புரியாமலே அது எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவளைத் தவிர.

அதற்காக விட்டுவிட முடியுமா? பேன், பள்ளிக்கூடம், அம்மை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவிட்டாள். மூச்சு வாங்கும்வரை பேசினாள்.

"எல்லாம் செஞ்சே, இல்லைன்னு யார் சொன்னா?" என்றான் கடைசியில். "அதுக்கு முன்னாடி நீ எப்படி இருந்தே? என் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்னுவே. கப்பை நீ உடைச்சிட்டு என்னை மாட்டிவிடுவே. உன்கூட ஒரு நாளைக்கு நாலு சண்டை போடுவேன். அம்மா போன மறுநாள்லேருந்து பெரிய பிஸ்கட் எனக்குத்தான். திட்டினே, அடிச்சே, சண்டை மட்டும் போடவே இல்லை. அம்மாதான் போயிட்டாங்க. நீயாவது அக்காவா இருந்திருக்கலாம்ல?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயதில் அவளும் ஒரு நாள்கூட அழ நேரமில்லாமல்தான் ஓடினாள், அதைச் சொல்லலாம். அவன் முகத்தைப் பார்த்தபோது அது அவனுக்குத் தெரியும் என்று பட்டது. தெரிந்ததால்தான் அவள் மனம் நோகாமலிருக்க எமன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறான்.

மணி நாலே முக்கால். கணினியில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று பழையது, அப்படியே. இன்னொன்று அவள் துடைத்தெடுத்தது. அதில் கிட்டார் கத்தி போல இருந்தது, இடி நேராக அடித்தான், ஒவ்வொரு வார்த்தையும் பக்கத்தில் நின்று சொல்வதைப் போலக் கேட்டது. முன்பைவிட மோசமாக, அதாவது முன்பைவிட நன்றாக, உடம்பைக் குறுக வைத்தது. அவள் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது.

அவன் கெஞ்ச ஆரம்பித்தான். பழையதையே அனுப்பிவிடு, எமன் பாட்டு பாடியவன் அக்காவைத் திட்டிப் பாடியிருக்கிறான் என்றால் ஊர் சிரிக்கும், லிஃப்ட்டுக்குள் என்னை நிற்க விடமாட்டார்கள், பனியன் போட்டவன் எல்லாம் அடிக்க வருவான். உனக்குத் தகர டப்பாவென்று பெயர் ஏற்கனவே இருக்கிறது, பழகிப்போயிருக்கும் என்றான். எனக்காக எவ்வளவோ விட்டுக்கொடுத்திருக்கே, இது ஒண்ணையும் விட்டுக்கொடு என்றான்.

சரி என்பது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வருடப் பழக்கம், அவன் கேட்டால் தானாக வந்துவிடும். அவள் வாயை மூடி அதை விழுங்கினாள்.

"மாட்டேன்" என்றாள்.

"அக்கா."

"நான் உன் அம்மா இல்லைடா. நீதானே சொன்னே."

சுத்தமான கோப்பைப் பிடித்துக் கம்பெனிக்குப் போகும் மின்னஞ்சலில் இழுத்துப் போட்டாள். அவன் பாய்ந்து மவுஸைப் பிடித்தான். அவள் அவன் மணிக்கட்டில் அடித்தாள். அவன் வயரைப் பிடித்து இழுக்க, அவள் முழங்கையால் அவன் விலாவில் ஒன்று வைக்க, முக்காலி கவிழ்ந்தது. அவனைத் தோளால் முட்டி நிறுத்திக்கொண்டு, இடது கையால் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள். போய்விட்டது.

அவன் ஒரு நொடி திரையைப் பார்த்தான். பிறகு எட்டி அவள் பின்னலைப் பிடித்து, வலிக்கும்படி, நன்றாக இழுத்தான்.