தரையில் இறங்காத கொய்யாத் தோப்பு

கொடைரோட்டுக்குக் கிழக்கே சகாயராஜின் ஒன்றரை ஏக்கர் கொய்யாத் தோப்பு, அவர் செத்த முப்பதாம் நாள் சாயங்காலம் ஆறேகால் மணிக்குத் தரையை விட்டு இரண்டு முழம் மேலே எழும்பி நின்றது. அன்றைக்குக் கொய்யா கிலோ நாற்பது ரூபாய். மரமும் வரப்பும் கிணறும் சேர்ந்தே எழும்பின. கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். சகாயராஜுக்கு ஆண்பிள்ளை இல்லை. தாயில்லாத ஒரே மகள் தமிழ்நிலா. பிளஸ் டூ முடித்த வருஷத்திலிருந்து கிளை வெட்டிக் கவாத்து பண்ணுவதும் காய் இறக்குவதும் அவள்தான். சகாயராஜின் தம்பி மரியசெல்வம் முப்பதாம் நாள் ஜெபத்துக்கு விடுதலைப் பத்திரத்தோடு வந்திருந்தார். ஜெபம் முடிந்ததும் அவள் கையெழுத்துப் போட்டு நிலத்தை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், பிறகு எல்லோருக்கும் பிரியாணி. அண்டா வந்து இறங்கிவிட்டது. அவர் செய்த தப்பு ஒன்றுதான். அந்தக் குடும்பத்து மாலை ஜெபத்தில் விவிலியத்தை நாளுக்கு ஓர் அதிகாரமாக வரிசையாக வாசிப்பார்கள். நாற்பது வருஷமாக ஒரு பெயர்ப்பட்டியலைக்கூடத் தாண்டியதில்லை என்று அவருக்குப் பெருமை. அன்றைய முறை எண்ணிக்கை நூலில் இருபத்தேழாம் அதிகாரம். ஆண்பிள்ளை இல்லாமல் செத்தவரின் ஐந்து பெண்கள் மோசேயின் முன்னால் நின்று அப்பன் பங்கை எங்களுக்குத் தா என்று கேட்க, அவர்கள் கேட்பது நியாயம் என்று ஆண்டவரே சொல்லும் இடம். மரியசெல்வத்துக்குப் பாதியிலேயே வேர்த்துவிட்டது, ஆனால் வாசிப்பதை நிறுத்தவில்லை. பெருமை அப்படிப்பட்ட சனியன்.

தமிழ்நிலா பேனாவை மூடினாள்.

“அது அவுங்க ஊரு தாயி,” என்றார் மரியசெல்வம். “நம்ம வழக்கத்துல பொம்பளப் பிள்ளைக்கு ஏது நிலம்?”

“நான் போடமாட்டேன் சித்தப்பா.”

அந்த நேரத்தில்தான் தோப்பு எழும்பியது. வந்தவர்கள் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். மறுநாள் மரியசெல்வம் ஏணி கொண்டுவந்தார். ஏணி எவ்வளவு உயரமோ, தோப்பு அதைவிட ஒரு முழம் மேலே போனது. தமிழ்நிலா மட்டும் வாசற்படி ஏறுவதுபோல் ஏறி, மருந்தடித்துவிட்டு இறங்கினாள்.

தோப்பு எழும்பியதிலிருந்து ஒன்பதாம் நாள் அவர் முகம் தெளிந்து, சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். முறைப்படி முப்பத்தாறாம் அதிகாரம். அதே பெண்களின் பங்காளிகள் வந்து, இவர்கள் வேறு குலத்தில் வாழ்க்கைப்பட்டால் நிலம் கைமாறிப் போகுமே என்று மல்லுக்கு நிற்க, சொந்தக் குலத்திலேயே கட்ட வேண்டும் என்று தீர்ப்பாகிறது.

“கேட்டியா தாயி, வேதமே சொல்லுது. நிலம் பங்காளிய விட்டுப் போகக் கூடாது.”

“முழுசா வாசிங்க சித்தப்பா.”

ஒரு வரியும் தாண்டாதவர் கடைசிவரை வாசித்தார். அந்த ஐந்து பேரும் அப்பாவின் அண்ணன் தம்பி மக்களையே கட்டிக்கொண்டார்கள் என்று வந்தது.

“அப்ப நான் நம்ம பெலிக்ஸ் அண்ணனக் கட்டணும். செஞ்சுருவமா?”

மரியசெல்வத்தின் மகன் பெலிக்ஸுக்குக் காபி புரையேறியது. “யப்பா, அவ என் தங்கச்சிப்பா!”

“அது... அவுங்க ஊரு முறை வேற,” என்றார் மரியசெல்வம்.

“நிலத்தப் பிடுங்க வேதம், மத்ததுக்கெல்லாம் ஊரு வழக்கமா? அன்னைக்கு அஞ்சு பேரு நின்னாங்க. ஆறாவதா நான் நிக்கிறேன். ஏலாது சித்தப்பா.”

வந்திருந்த பெண்களில் பாதிப் பேர் மனசுக்குள் கைதட்டினார்கள். தோப்பு பனை உயரத்துக்குப் போய் நின்றது.

சர்வேயர் வந்து நிழலை அளந்தார். பரப்பு சரியாக இருந்தது. பட்டா தமிழ்நிலா பெயருக்கு மாறியது. உயரம் எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. மூன்று வருஷம் ஆகிறது. கீழே நல்ல நிழல் என்பதால் திண்டுக்கல் பஸ் அங்கேயே நிற்கிறது. கொய்யா இப்போது கிலோ அறுபது. மரியசெல்வமும் அங்கேதான் பஸ் ஏறுகிறார். மேலிருந்து பழம் விழுந்தால் துண்டில் துடைத்துத் தின்றுகொண்டே, எங்க அண்ணன் மக தோப்பு என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறார்.