மஞ்சள் பிடித்த மான்தோல்

வீட்டுக்காரி மிஸிஸ் ஹாட்லியின் குளியல் தொட்டிக்குள் ஒரு கலைமானின் தோல் ஊறிக்கொண்டிருந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்தபடி முழந்தாளில் நின்ற லூர்தம்மாவுக்குக் குனியவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. எட்டாம் மாதத்து வயிறு இடையில் முட்டுக்கட்டையாக நின்றது.

அந்த மானைச் சுட்டவர் மிஸ்டர் ஹாட்லி. ஒவ்வொரு வருசமும் ஒக்டோபர் பிறந்தால் ஸ்கொட்லாந்து மலைகளுக்கு வேட்டைக்குப் போகிற மனிசன். இந்த முறை சுட்ட கலைமானின் தோலைத் தானே உரித்து, உப்புப் போட்டு, சாக்கில் சுருட்டிக் கொண்டுவந்து தோட்டத்துக் கொட்டிலில் வைத்தார். வைத்த கிழமையே படியடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், பிறகு எழும்பவில்லை.

செத்தவீடு முடிந்ததும் மகன் பீற்றர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தான். அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போய்விட்டு, செவன் கிங்ஸ் பகுதியில் இருந்த இந்த வீட்டை விற்பது என்பது அவன் முடிவு. மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்த லூர்தம்மாவும் புருசன் யாக்கோப்பும் நத்தார் பண்டிகைக்கு முன்னர் வெளிக்கிட வேண்டும் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனான்.

வெளிக்கிட்டு எங்கே போவது? முன்பு அவர்கள் இருந்த, பார்க்கிங் என்ற ஊரில் உள்ள அறையில் ஆம்பிளைகள் ஷிப்ட் முறையில் படுத்தெழும்பினார்கள்; ஒருவன் எழும்பிய சூட்டில் மற்றவன் படுத்தான். யாக்கோப்பு இல்ஃபோர்ட் முழுக்க அறை தேடினான். தனியாகப் போனால் வாடகையைப் பற்றிப் பேசுவார்கள். லூர்தம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால், கதவைத் திறந்தவரின் கண் அவளுடைய முகத்துக்கு வராமல் வயிற்றிலேயே நிற்கும். பிறகு "ஸொறி" என்ற ஒரு சொல். கதவு சாத்தப்படும். அவளுக்கு இங்கிலிஷ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தால் கால் தானாகவே திரும்பிவிடும்.

இந்த நேரத்தில்தான் யாக்கோப்பு அந்தப் பொய்யைச் சொன்னான். மிஸிஸ் ஹாட்லி கொட்டிலுக்குள் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுததைக் கண்டவன், தன் மாமனார் வன்னியில் பேர்போன வேட்டைக்காரர் என்றும், தோல் பதப்படுத்துவது தன் மனிசிக்குக் கைவந்த வேலை என்றும் அள்ளி விட்டான். கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலில் அவர் படுக்கிற பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது, அதில் விரிக்க அந்தத் தோல் வேண்டும் என்றாள். அது மட்டும் கிடைத்துவிட்டால் தானும் இந்த வீட்டை விட்டு அசையப் போவதில்லை, இவர்களையும் அசைய விடப் போவதில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு மகனோடு காரில் ஏறிப் போனாள்.

"அப்பு தோல் காயப்போடேக்க நான் உப்புச் சட்டி தூக்கினனான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாள் லூர்தம்மா.

"உப்புச் சட்டி தூக்கினவளுக்கு அரைவாசியாவது தெரியாமலே இருக்கும்? பெற்றோல் செட்டில நிக்கிற நான் செய்யிறதிலும் பாக்க நீ செய்யிறது நல்லம்."

"நல்லா வாயால வீடு கட்டுறியள்."

"வாயால எண்டாலும் கட்டத்தானே வேணும் லூர்து. பிள்ளையை எங்க கிடத்துறது?"

அவள் தோலைத் தொட்டிக்குள் இறக்கினாள். உப்பைக் கழுவி, ஊறவைத்து, மழுங்கல் கத்தியால் உட்பக்கத்துச் சதையையும் கொழுப்பையும் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட மணம் கிளம்பியது. வீடு முழுக்கப் பிண வாடை. மிஸிஸ் ஹாட்லி திரும்பி வந்து மூக்கைப் பொத்தினால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்த மாத்திரத்தில், அவள் கை யோசிக்காமல் குசினிக்குப் போனது. மீனோ மரையோ மானோ, வெடுக்கு நாற்றம் எடுக்க அவளுடைய ஆச்சியும் அம்மாவும் எதைப் பாவித்தார்களோ, அந்த மஞ்சள் தூள் பேணியை எடுத்தாள். உப்போடு சேர்த்துத் தோல் முழுக்கப் பூசி, விடியும்வரை ஊறவிட்டாள்.

காலையில் தூக்கிப் பார்த்தாள். வெடுக்குப் போயிருந்தது. முதுகின் கபில நிறத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வயிற்றுப் பக்கத்திலும் வாலடியிலும் இருந்த வெளுத்த மயிரெல்லாம் பளிச்சென்று மஞ்சள். கலியாணச் சீலைத் தலைப்பு மாதிரி மஞ்சள்.

பதறிப்போனவள் உடுப்புக்குப் போடுகிற சவர்க்காரத் தூளை அள்ளிக் கொட்டித் தேய்த்தாள். தேய்த்த கைக்குள்ளேயே மஞ்சள் கறுத்து, சிவந்து, கொளகொளவென்று ரத்த நிறமாகியது. சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சவர்க்காரத் தூளிலும் அந்தக் குணம் இருக்கும் என்று நினைக்கவில்லை. வேலை முடிந்து வந்த யாக்கோப்பு குளியலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

"இப்பத்தான் வெடி வைச்ச மாதிரியெல்லோ கிடக்கு."

அவள் குசினிக்குப் போனாள். வினாகிரிப் போத்தலைக் கொண்டுவந்து தோலின்மேல் வெறுமையாக்கினாள். சிவப்புப் போய்ப் பழையபடி மஞ்சள் வந்தது. அதற்கு மேல் போகமாட்டேன் என்று மஞ்சள் ஒட்டிக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல் நிறத்தை விட்டுவிட்டு, தோல் அழுகாமல் பதப்படுவதற்காகச் சீனாக்காரமும் உப்பும் கரைத்த தண்ணீரில் தோலை ஊறவைத்து எடுத்தாள். காய்கிற பதத்தில் கதிரை முதுகில் போட்டு இருவருமாக இழுத்தார்கள். அப்பு பனங்குற்றியில் போட்டு இழுத்தது அவளுக்கு நினைவிருந்தது. இழுக்காவிட்டால் பலகையாகிவிடும். முட்டை மஞ்சட்கருவும் எண்ணெயும் தடவித் தடவி இழுத்ததில் கைத்தோல் உரிந்தது, அடிவயிறு கல்லானது. இரண்டு முறை நிலத்தில் குந்தி மாதாவைக் கூப்பிட்டாள். ஆனால் தோல் இளகியது. துணிபோல் மடிந்தது.

இனி நிறம் மட்டும்தான். மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும். ஊரில் கறிபட்ட வேட்டியை ஒரு பகல் கொடியில் போட்டால் போதும். அவள் தோட்டத்துக் கொடியில் தோலைப் போட்டுவிட்டுக் கம்பளிச் சட்டையோடு பக்கத்தில் நின்றாள். நவம்பர் மாதத்துச் சூரியன் கூரைகளுக்குப் பின்னாலே எழும்பிக் கூரைகளுக்குப் பின்னாலே இறங்கியது. எங்காவது ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தால் தோலைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினாள். வேலியோரம், கொட்டில் கூரை, குப்பை வாளி மூடி. அவள் போய்ச் சேர வெளிச்சம் விலகிவிடும். சனிக்கிழமை முழுவதும் தூறியது.

ஞாயிறு மத்தியானம் கார் வந்து நின்றது.

தோலை ஒளிக்க இடமிருக்கவில்லை. லூர்தம்மா அதை நெஞ்சோடு அணைத்தபடி தோட்டத்தில் நின்றாள். பீற்றர் அதைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான். மிஸிஸ் ஹாட்லி சிரிக்கவில்லை. கிட்ட வந்து, கையுறையைக் கழற்றி, உட்பக்கத்தைத் தடவினாள். அதன் மென்மையில் விரல்கள் ஒரு கணம் நின்றன. கிழவி முகத்தைக் கழுத்து மயிருக்குள் புதைத்தாள். எதையோ தேடுகிறவள் போல இங்கும் அங்கும் முகர்ந்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. நிறைய நேரம் மெல்லிய குரலில் பேசினாள். பேசி முடித்து, தோலை மடித்து லூர்தம்மாவின் கைகளிலேயே வைத்தாள்.

"என்ன சொல்லுறா?"

யாக்கோப்பு செருமினான். "பஞ்சு மாதிரி வந்திருக்காம். கெட்டிக்காரியாம் நீ."

"பிறகு?"

"அவ்வளவுதான்."

அவள் அவனையே பார்த்தாள். யாக்கோப்பு முழுவதையும் மறைத்திருக்கலாம். ஆனால் கிழவியின் பேச்சுக்கு நடுவில் அந்த ஒரு சொல் வந்தது அவளுக்குக் கேட்டிருந்தது. கால் தானாகவே திரும்பிப் படிப்பக்கம் போகத் தொடங்கியது.

"உள்ளதைச் சொல்லுங்கோ" என்றாள் படியேறும்போது.

அவன் பின்னாலே வந்தான். "அந்த மனிசன்ர மணம் அதில இருந்ததாம். கொட்டிலுக்குள்ள அதைத்தான் மணந்துகொண்டு இருந்தவவாம். இப்ப அதில எங்கட குசினிதான் மணக்குதாம்."

பழைய பார்க்கிங் அறைக்கே திரும்பினார்கள்; பிள்ளை அங்கேதான் பிறந்தது. அறையில் இருந்தவர்கள் ஒரு மூலைக்குத் திரை கட்டிக் கொடுத்தார்கள். ஹீற்றருக்குக் காசு போடாத நேரங்களில் லூர்தம்மா மான்தோலை நிலத்தில் விரித்து, மயிருக்குள் பிள்ளையைப் புதைத்து வைத்திருந்தாள்.

ஏப்ரலில் ஒருநாள் பிள்ளையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னல் வெயில் விழுகிற பக்கம் வெளுத்திருந்தது. மஞ்சளின் சுவடே இல்லை. அந்த மான் மலையில் நின்றபோது எப்படி இருந்திருக்குமோ அப்படி.

யாக்கோப்பும் வந்து பார்த்தான். கிழவிக்குக் கொண்டுபோய்க் காட்டுவோமா என்று கேட்டான். செவன் கிங்ஸ் வீடு தை மாதமே விலைபோன கதை இருவருக்கும் தெரியும்.

லூர்தம்மா பிள்ளையை வெளுத்த பக்கம் கிடத்திவிட்டு, நிழலில் கிடந்த மற்றப் பாதியை இழுத்து வெயிலுக்குள் விட்டாள்.