நோர்ஹுல்ட்டின் இரண்டு சேவல்கள்

குன்வோரை அடக்கம் செய்த ஆறாம் நாள் தபால் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. கோடைக்கு மட்டும் வந்துபோய், இப்போது எதிர்வீட்டிலேயே தங்கிவிட்ட ஸ்டாக்ஹோம் தம்பதி எழுதியது. என் மனைவியின் மறைவுக்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அதற்குக் கீழே, எங்கள் சேவல்கள் விடியுமுன் நாலு மணிக்கே கூவுவதாகவும், இரண்டையும் அனுப்பிவிட முடியுமா என்றும் பணிவாகக் கேட்டிருந்தார்கள். படித்துவிட்டு மடித்து ரொட்டிப் பெட்டியின் மேல் வைத்தேன். கோபம் வரவில்லை.

போன வருடம் என்றால் வந்திருக்கும். நோர்ஹுல்ட் எங்கள் பண்ணையின் பெயர். நாட்டுக்கோழிச் சங்கத்தின் பட்டியலில் நோர்ஹுல்ட் கோழி என்று ஓர் இனம் இருக்கிறது. ஊரெல்லாம் வெள்ளைக் கோழிக்கு மாறியபோது என் தாத்தா மாறவில்லை, அப்பாவும் மாறவில்லை. அதனால் அந்த இனம் எங்கள் முற்றத்தில் மட்டும் பிழைத்தது. இன்று நாடு முழுவதும் நாற்பத்தொரு வீடுகளில் அது இருக்கிறது. எல்லாம் எங்கள் முட்டையில் பொரித்தவை. ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் சங்கத்திலிருந்து வந்து, அந்த வீடுகளில் பொரிக்க வைக்கும் அடைமுட்டை எடுத்துப்போவார்கள். போகும்போது ஒரு தாளில் என் கையெழுத்து வாங்குவார்கள். இந்தப் பண்ணையில் வேற்றினச் சேவல் இருந்ததில்லை என்று உறுதி கூறும் தாள் அது. மற்ற பண்ணைகளில் கூட்டைத் திறந்து பார்ப்பார்கள். எங்களிடம் கையெழுத்தோடு சரி.

சனிக்கிழமை என் மகன் ஸ்டஃபான் அவன் அம்மாவின் துணிகளை எடுத்துவைக்க வந்தான். கடிதத்தைப் படித்தான்.

"குடுத்துடுங்கப்பா. பதினாலு பெட்டைக்கு ரெண்டு சேவல் எதுக்கு? முட்டை போட சேவல் வேணுமா என்ன?"

பத்து வருடமாக அவன் சொல்லிவருவதுதான். ஒவ்வொரு முறையும் நான் மேசையைத் தட்டிவிட்டு எழுந்து போவேன். இந்த முறை, வெட்டிவிடலாம், அடுத்த வாரம் கோடரியைத் தீட்டிவை என்றேன். காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவின் கம்பளிச் சட்டைகளை மடிக்கத் தொடங்கினான். அம்மா போனதில் அப்பா உடைந்துவிட்டார் என்று நினைத்திருப்பான். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குன்வோர் இறப்பதற்கு நாலு நாள் முன்பு, ஆஸ்பத்திரியில், தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னாள். பதினெட்டு வருடம் முன்பு ஒரு ஜனவரியில் எனக்கு இடுப்பு அறுவை நடந்தது. மூன்று வாரம் நான் வீட்டில் இல்லை. அப்போது ஒரு மரநாய் கூட்டுக்குள் புகுந்து சேவல்களை எல்லாம் கடித்துப் போட்டுவிட்டது. சங்கத்துக்குச் சொல்லி வேறு வீட்டிலிருந்து நோர்ஹுல்ட் சேவல் ஒன்றைத் திரும்ப வாங்கியிருக்கலாம். விதி அதுதான். ஆனால் எங்கள் ஹெட்மன் குடும்பம் காத்த கோழிக்கு அந்த வீட்டு மருமகளே கூட்டை அடைக்க மறந்தாள் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அவள் பக்கத்து ஊரில் தன் சித்தி மகன் வீட்டிலிருந்து அதே நிறத்தில் வேறு இனச் சேவல் ஒன்றை வாங்கி வந்தாள்.

"நீ வந்து பாத்தே, ஹியால்மர். ஊன்றுகோலோட நேரா கூட்டுக்குத்தான் போனே. சேவல் நல்லாத் தேறியிருக்குன்னு சொன்னே."

சொன்னேன். எனக்கு நினைவிருக்கிறது. நூறு கோழிக்கு நடுவே விட்டாலும் எங்கள் கோழியைக் காட்டிவிடுவேன் என்று திருமண விருந்துகளில் பேசியவன் நான்.

 அவள் கையில் இருந்த கோப்பையை வாங்கி வைத்தேன். அதன்பின் அவள் அதிகம் பேசவில்லை.

சேவல் போனால் அடைமுட்டை இல்லை. அடைமுட்டை இல்லாவிட்டால் தாளும் இல்லை. அக்கம்பக்கத்துத் தொந்தரவால் விட்டுவிட்டோம் என்று சொன்னால் யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்தபடி இருக்கும். எதிர்வீட்டுக் கடிதம் சரியான நேரத்தில் வந்திருந்தது.

ஆனால் ஸ்டஃபான் எனக்கு நல்லது செய்வதாக எண்ணி, முட்டை எடுக்க வரும் சங்கத்து மேரிட்டுக்குப் போன் செய்துவிட்டான். அப்பா சேவல்களை வெட்டப்போகிறார், வந்து காப்பாற்றுங்கள் என்றானாம். வியாழக்கிழமையே மேரிட் இரண்டு அட்டைப் பெட்டிகளோடு வந்து நின்றாள். சேவலுக்காக இரண்டு வீடுகள் காத்திருக்கின்றன என்றாள். வாசலில் காலணியைக் கழற்றும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டு குன்வோரைப் பற்றிச் சொன்னாள். சொல்ல வேண்டியதை அளவாகச் சொன்னாள். ஸ்டஃபான் காபி ஊற்றினான். தாள் மேசைக்கு வந்தது. இந்தத் தடவை சேவல்களும் முட்டையோடு போவதால் தாளில் இரண்டு வரி கூடுதலாக இருந்தது.

நான் பேனாவை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"எப்பவும் படிக்காமலே போடுவீங்க. இன்னைக்கு என்ன, வீட்டுப் பத்திரம் மாதிரி அப்படிப் பாக்கறீங்க?" என்று மேரிட் சிரித்தாள்.

நாற்பத்தொரு வீடுகள் என்று எண்ணம் ஓடியது. இனி நாற்பத்து மூன்று. இதுவரை போட்ட பதினெட்டுக் கையெழுத்தும் தெரியாமல் போட்டவை. இதைத் தெரிந்து போட வேண்டும்.

"இங்க வேத்துச் சேவல் வந்திருக்கு மேரிட். பதினெட்டு வருஷம் முன்னாடி, ஜனவரியில. இப்ப இருக்கறது எல்லாம் அதோட வம்சம்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "யாரு கொண்டுவந்தா?"

"நான்தான்."

தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஸ்டஃபான் குழாயை மூடினான்.

"அந்த ஜனவரியில நீங்க ஆஸ்பத்திரியில இல்ல இருந்தீங்க? நான் பூ எடுத்துட்டு வந்து பாத்தேனே" என்றாள் மேரிட்.

அதை நான் மறந்துபோயிருந்தேன். முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டேன். "அப்ப பிப்ரவரியா இருக்கும்."

மேரிட் என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்து நாற்காலியில் அடுக்கியிருந்த கம்பளிச் சட்டைகளைப் பார்த்தாள். தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

"பிப்ரவரின்னே எழுதிக்கறேன்."

ஹியால்மர் ஹெட்மன் ஆகிய நான், வேற்றினச் சேவல் ஒன்றை அறிந்தே கொண்டுவந்து மறைத்தேன் என்று எழுதியிருந்தாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். பொய்யான வாசகத்தின் கீழ் அறிந்து நான் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.  நாற்பத்தொரு வீட்டுக்கும் கடிதம் போகும், பட்டியலிலிருந்து இனம் எடுக்கப்படும், சிலர் போன் செய்து கோபமாகப் பேசக்கூடும் என்று மேரிட் சொன்னாள். பேசட்டும், என் எண்ணைக் கொடு என்றேன். வெற்றுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு அவள் போனாள்.

ஸ்டஃபான் வெகுநேரம் துண்டால் கையைத் துடைத்தபடி நின்றான். என்னிடம் எதையோ கேட்க வந்து வேறொன்றைக் கேட்டான்.

"இனிமே அது யாருக்கும் வேணாம். கோடரி தீட்டி வெச்சிருக்கேன். வெட்டிடலாமாப்பா?"

"வேணாம். ரெண்டும் இருக்கட்டும்."

மேலங்கியை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். நாற்பது வருடத்தில் அந்தக் கதவை நான் தட்டியதில்லை. கணவர்தான் திறந்தார், உள்ளே வரச் சொன்னார், நான் போகவில்லை. இனி இரவில் சேவல்களை இருட்டுப் பெட்டியில் அடைத்து ஏழு மணிக்குத் திறந்துவிடுவேன், ஆனால் அனுப்பமாட்டேன் என்றேன். அதற்குமேல் புகார் கொடுப்பதென்றால் நகராட்சிக்குக் கொடுங்கள் என்றேன்.

ஏழு மணி என்றால் சரிதான் என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். எங்கள் கோழிகள் அபூர்வ இனமாமே, கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

"இல்ல. சாதாரணச் சேவல்தான்."

"அப்புறம் எதுக்கு வெச்சுக்கறீங்க?" அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"என் மனைவியோடது" என்றேன்.